வலி ஏதுமின்றி

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ‘அன்னார்’ ஆயிற்று, ‘மணமான இரண்டாம் ஆண்டில்’ ஆயிற்று, ‘சுமங்கலிப் பேற்றுடன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது என்று தெரிந்தும் சுற்றி வளைத்து ஒரு வழியாக இழுத்துவந்து உட்காரவைத்தாயிற்று, ‘வீட்டில் மங்கல மேளம் முழங்கிக்கொண்டிருந்த நன்னாளில்’ என்பதும் ஆயிற்று. மிச்சம் இரண்டே சொல். வலி ஏதுமின்றி. வலி ஏதுமின்றிப் பூவாடையானார். அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் அம்சவேணி முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப், பக்கத்தில் நைனா தன் கையால் எழுதிய நாற்பத்து மூன்றாம் பக்கம், அது காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம். பெற்ற அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடு. ஆற்காட்டுப் பக்கம் அப்படித்தான். நைனாவுக்கு அடுத்த வாரம் எண்பது பிறக்கிறது. அதற்கு அவர் தனக்கு வேட்டி வேண்டாம், செயின் வேண்டாம், மண்டபம் வேண்டாம், புத்தகம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். குடும்ப வரலாறு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம், பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று. தமிழ் அவர் எழுதுவார், ஆங்கிலம் அம்சா எழுத வேண்டும், அம்சாதான் ரெண்டும் படிச்சவள், அம்சாதான் பத்தொன்பது வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டு இரண்டு வருஷம் முன்னால் திரும்பி வந்தவள், அம்சாவுக்குத்தான் இப்போது வேலை இல்லை. நாற்பத்திரண்டு பக்கம் முடிக்கும்வரை அவளுக்கு ஒரு கோபமும் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைச் சண்டை, பஞ்சத்தில் கேழ்வரகு பங்கிட்டது, தாத்தா வெள்ளைக்கார கலெக்டருக்கு நுங்கு கொடுத்தது, எல்லாம் வந்தன, எல்லாம் ஆங்கிலமாகிப் போயின. இது போகவில்லை. இதையும் எழுபத்தொன்றாம் பக்கத்தையும் விட்டுவிட்டு மற்றதை முடித்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு பிரஸ்காரர் வந்து கேட்பார். இன்றைக்கு ஆடிக் கடைசி வெள்ளி, படையலுக்கு முன்னால் கட்டு கட்டாத தாள்களாகவாவது அம்மன் முன்னால் புத்தகத்தை வைத்து எடுத்தாக வேண்டும் என்று நைனா சொல்லியிருக்கிறார். எந்த அம்மன்? இந்த அம்மன்தான். வலி ஏதுமின்றி ஆனாளே, அவள்தான்.

யார் இவர் என்று தாரிணி கேட்பாள். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத, இருபது வயசு, தன் ஒரே மகள், வலது பக்கத்தை மட்டும் படிக்கப் போகிறவள். வலது பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவளுக்குக் குடும்பம். வாழ்வரசியாகச் செத்த பெண்ணை, கழுத்தில் தாலியோடும் தலையில் பூவோடும் போனவளை, பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாக்கிக் கும்பிடுவோம், வருஷத்துக்கு ஒரு நாள் புதுப்புடவையை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்தி மடித்து மூங்கில் பெட்டியில் வைத்துப் பூப்போட்டுப் படைப்போம், போன வருஷத்துப் புடவையை எடுத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்போம் என்று அடிக்குறிப்பு எழுதலாம். எழுதியும்விட்டாள். அழகான அடிக்குறிப்பு. வெளிநாட்டு மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். வீட்டுப் பெண் அவள்தான், அம்சாதான். மெல்போர்னுக்கு வருஷா வருஷம் பார்சலில் வந்த பத்தொன்பது புடவையும் ஒரு பெட்டியில் கட்டாமல் கிடக்கின்றன, ஒரு முறை பார்சலைப் பிரித்துக் காட்டச் சொன்ன ஒரு சுங்க அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், இது என்ன வாசனை என்று கேட்டான், மஞ்சள் என்றாள், மஞ்சள் மட்டுமா என்றான். மஞ்சள் மட்டும்தான். வேறென்ன இருக்க முடியும்? எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டினாள். தாள் படபடத்தது. மறுபடி வைத்தாள். வலி. ஏதும். இன்றி.

“அக்கா!” சமையலறையிலிருந்து செண்பகம். பத்து வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறவள், அம்மா போன பிறகு அதட்டவும் உரிமை எடுத்துக்கொண்டவள். “வடைக்கு உப்பு போட்டனா இல்லையான்னு சந்தேகமா கீதுக்கா. வாயில வெச்சுப் பாக்கவும் கூடாது. உங்க சாமிக்கு மொதல்ல போவணும், அப்பறம்தான் மனுசனுக்கு. உப்பில்லன்னா உங்க சாமி வந்து சொல்லுமா?” “சொல்லாது, அதுதான் அதோட விசேஷம்,” என்றாள் அம்சா. “அப்ப போடறன், ரெண்டு தடவ போட்டா சாமிக்கு பிபி வரும், அவ்ளோதான்,” என்று செண்பகம் சிரித்துக்கொண்டே கல்லுப்பை இடித்தாள். உப்பில்லை என்றுகூடச் சொல்லாத சாமி. இந்த வீட்டுக்கு அப்படிப்பட்ட சாமிதானே வேண்டும். என்ன வைத்தாலும் சாப்பிடும், என்ன உடுத்தினாலும் உடுத்தும், வருஷம் முழுக்க மூங்கில் பெட்டிக்குள் மடிந்து கிடக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. பெயர்! நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தில் எருமைக்குப் பெயர் இருக்கிறது. தாத்தாவுடைய வண்டிமாட்டுக்குப் பெயர் இருக்கிறது, ராமன், மயிலை. இவளுக்கு இல்லை. மூத்தவரின் முதல் தாரம். நைனாவின் அண்ணன், பெரியப்பா, அவருக்கு முதலில் கட்டிவைத்தவள், நைனாவுக்கு அண்ணி, அவ்வளவுதான் அடையாளம். இரண்டாம் தாரத்துக்குப் பெயர் இருக்கிறது, அவள் மகன்களைப் பெற்றாள்.

நைனாவைச் சொல்லிப் பயனில்லை என்று அம்மா சொல்வாள், அவரு அளக்கறவரு, அளக்கறதுதான் அவருக்குப் புரியும். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம். சங்கிலி பிடித்து, கல் நட்டு, வரப்புக்கு இந்தப் பக்கம் யாருடையது அந்தப் பக்கம் யாருடையது என்று எழுதித் தேய்ந்த கை. குடும்பத்தையும் அப்படித்தான் பிரித்திருந்தார். எல்லாருக்கும் மூத்த தாத்தா ஒன்று. அவர் பிள்ளைகளில் பெரியப்பா ஒன்றின் கீழ் ஒன்று, நைனா ஒன்றின் கீழ் இரண்டு. நைனாவின் பிள்ளைகளில் அம்சா ஒன்றின் கீழ் இரண்டு ஏ, தம்பி ஒன்றின் கீழ் இரண்டு பி. ஆனால் அம்சாவின் எண்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஒரு அம்புக்குறி, ‘வெளிச் சென்றது’. கல்யாணமானால் கோடு. வெளியே போன நிலத்துக்கு இங்கே பட்டா கிடையாது. ஆகவே தாரிணிக்கு எண் இல்லை. ஆனால் புத்தகம் உண்டு. எண் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் எதற்கு நைனா என்று போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாள், அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார், தெரிஞ்சிக்கட்டுமே, எங்கருந்து வந்தோம்னு. வீட்டுக்கு வந்த மருமகள்களுக்கும் எண் இல்லையே என்றாள். “வந்தவங்களுக்கு எதுக்கும்மா நம்பரு? அவங்களுக்கு அனுபவ பாத்தியத, இருந்து அனுபவிக்கலாம், பட்டா கெடையாது” என்றார், இதுதான் தன் வாழ்க்கையிலேயே சிறந்த நகைச்சுவை என்பதுபோல் தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாளே. சிரித்துத் தொலைத்தாளே. அதை நினைக்க இப்போது காது சுட்டது. நாற்பத்தெட்டு வயசில், இரண்டு மொழியில் எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்தவள், சரியான நேரத்தில் எந்த மொழியிலும் வாய் திறக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரியும். நைனாவுக்கு, அவளுக்குத் தெரியும் என்பது தெரியாது. அதுதான் முக்கால் மணி நேரமாக மேஜையடியில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள், மதியம், கை நிறைய மருதாணி வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்து கதவைச் சாத்தினாள். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்கிற சமாச்சாரம் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அம்சாவுக்கு வெட்கம். அம்மா சொன்னது வேறு. “நாளைக்கு உனக்கு எதுனா வலிச்சா வாயத் தொறந்து சொல்லிடு. மேளம் நின்னாலும் பரவால்ல. மண்டபம் கலைஞ்சாலும் பரவால்ல. சொல்லிடு.” ஏம்மா என்று கேட்டதற்கு, கதவைப் பார்த்துக்கொண்டே, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பெரியப்பாவின் முதல் மனைவிக்கு மூன்று நாளாக வயிற்று வலி. அறுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாசம், வீட்டில் பெரிய அத்தைக்குக் கல்யாணம், பந்தல் போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்தாயிற்று. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், விளக்கெண்ணெய் தடவினார்கள், டாக்டர் என்றால் ஆற்காட்டிலிருந்து கார் வரணும், கார் வந்தால் என்ன ஏது என்று நாலு பேர் கேட்பார்கள், நல்ல காரியத்தில் ஒரு சொல் விழுந்துவிடும். முகூர்த்தத்தன்று அவள் அனத்தல் கூடத்துக்குக் கேட்டது. சாமான் அறையில், அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வாசலில் ஒரு ஆளை நிறுத்தினார்கள். யாரும் உள்ளே போய்விடாமல், அவள் வெளியே வந்துவிடாமல். அந்த ஆள் பதினேழு வயசுக் கொழுந்தன். கொல்லைப் பந்தலில் பந்தி. பந்தியில், முதல் வரிசையில், சம்பந்தி மரியாதையோடு உட்காரவைத்து, அவளைப் பெற்றவருக்கு இலை போட்டிருந்தது. எங்க நைனாவக் கூப்புடு, எங்க நைனாவக் கூப்புடு என்று உள்ளேயிருந்து கதவை நகத்தால் பிறாண்டினாள். பிறாண்டினாள் என்றுதான் அம்மா சொன்னாள். பந்தி முடியட்டும் அண்ணி என்றான் அந்தப் பையன். பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தியும் முடிந்தது. பெற்றவர் கை கழுவி, வெற்றிலை போட்டு, மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட பிறகு அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பொண்ணு பூவோட பொட்டோட போயிட்டா, புண்ணியவதி, நம்ம ரெண்டு வீட்டுக்கும் தெய்வம். அவர் என்ன செய்தார்? அம்மாவுக்குத் தெரியவில்லை. மஞ்சள்காமாலைக் காய்ச்சலில் நைனா ஒரே ஒரு முறை உளறியது இவ்வளவுதான். “நான் சொன்னன்னு நைனாகிட்ட கேட்டுடாத,” என்று முடித்துவிட்டு அம்மா கதவைத் திறந்தாள், யாரோ மருதாணி காய்ந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

இதுதான் பெண்களுக்கு இந்த வீட்டில் கிடைத்த சொத்து. வாயைத் திற என்று ஒரு வாக்கியம், வாயை மூடு என்று அதே மூச்சில் இன்னொரு வாக்கியம். அம்மாவை நினைக்கும்போதும் கோபம்தான் வந்தது. சொன்னாயே, நீ சொன்னாயா? பிரசவ அறையில், மெல்போர்னில், நீலச் சட்டை போட்ட நர்ஸ் வந்து வந்து கேட்டாள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லுங்கள், உங்கள் வலி எத்தனை? மூன்று என்றாள் அம்சா. அரை மணி கழித்துக் கேட்டாள், மூன்று. கட்டில் கம்பியைப் பிடித்த கை மரத்துப்போய்விட்டது, மூன்று. அந்த நர்ஸ் போய் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தபோது தாரிணியின் தலை வந்துவிட்டது. ஓடிவந்தவள் கேட்டாள், ஏன் சொல்லவில்லை, நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? ஏன் மூன்று? நாலு சொன்னால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், ரெண்டு சொன்னால் பொய் என்று தெரிந்துவிடும். மூன்றுதான் மரியாதையான எண். அம்மாவும் போனில் மூன்றுதான் சொன்னாள், எண்ணாகச் சொல்லவில்லை, “வாயுதாம்மா, பெருங்காயம் போட்டு மோர் குடிச்சிருக்கன்” என்று சொன்னாள். மத்தியானம் சொன்னாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் செத்துப்போனாள். மோர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறாள் என்று செண்பகம் பெருமையாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மாவைப் பற்றிய பக்கம் எழுபத்தொன்று. எவருக்கும் சிரமம் தராமல் என்று முடிகிறது. அதை இன்னும் அவள் ஆங்கிலத்தில் தொடவில்லை. அதிலும் வந்து நிற்பாள், தெரியும். ஒரே கையெழுத்து, ஒரே மை, வலி ஏதுமின்றி, எவருக்கும் சிரமம் தராமல். எந்தக் கல்லறையில் எழுதினாலும் பொருந்துகிற வாக்கியங்கள். இதை அழகான ஆங்கிலமாக்கி, நல்ல தாளில் அச்சடித்து, ரிப்பன் கட்டி என் மகள் கையில் கொடுப்பேனா? நானா? என் கையாலா?

போன் அடித்தது. தாரிணி. மெல்போர்னில் மூன்றரை மணி, குளிர்காலம், இந்நேரம் வகுப்பில் இருக்க வேண்டியவள். “ஏன்டி கிளாஸ் போகல?” “போகலமா. படுத்திருக்கேன். சும்மா, வயிறு. ஹாட் வாட்டர் பேக் வச்சிருக்கேன்.” “எப்பலேர்ந்து?” “நேத்து... இல்ல, முந்தாநேத்து நைட் கொஞ்சம். அம்மா, நீ ஆரம்பிக்காத. ஒண்ணுமில்ல. தாத்தா புக் முடிஞ்சுதா? எனக்கு ஒரு காப்பி வருமா, இல்ல எனக்கு நம்பர் இல்லன்னு தர மாட்டாராமா?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று ஒரு மூச்சாக உள்ளே போனது. அம்சாவுக்குத் தன் வாயே அந்தக் கேள்வியைக் கேட்டது எப்படி என்று தெரியவில்லை, இருபது வருஷத்துக்கு முந்தைய நீலச் சட்டைக்காரி உள்ளே உட்கார்ந்து கேட்டதுபோல் வந்தது. “பத்துக்கு எத்தனடி?” “என்னது?” “வலி. பூஜ்யத்திலேர்ந்து பத்து. எத்தன?” “நாலு,” என்றாள் தாரிணி, உடனே, “இல்ல, மூணு. மூணுமா. நீ சாமி கும்பிடு, அப்பறம் கூப்பிடறேன்,” என்று வைத்துவிட்டாள்.

மூன்று. யார் சொல்லிக்கொடுத்தது? பிரசவ அறைக் கதையை அவளிடம் சொன்னதே இல்லை. புத்தகம் இன்னும் அச்சாகவே இல்லை, அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதே! பார்சலில்லாமல், சுங்கமில்லாமல், கடல் தாண்டி, எண் இல்லாத பிள்ளைக்குக்கூடப் பங்கு சரியாகப் போயிருக்கிறது. அம்சா எழுந்தாள், உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் பதினோராம் பக்கத்தைத் தேடி எடுத்தாள். நைனா வரைந்த ஊர் வீட்டு வரைபடம், அங்குலத்துக்கு எட்டடி, கூடம், நடை, நெல் குதிர், மாட்டுக் கொட்டில், முருங்கை மரம்கூடச் சின்ன வட்டமாக. சாமான் அறை என்று எங்கும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ‘பூவாடையம்மன் அறை’ என்று இருந்தது. அதாவது அடைத்துவைத்த இடத்தையே கோயிலாக்கிவிட்டார்கள், பிறாண்டிய கதவுக்கே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள், நகக்கீறல்மேல் எத்தனை வருஷத்துச் சந்தனம்! அம்சா ஸ்கேலை எடுத்தாள். அறையிலிருந்து கொல்லைப் பந்தல் வரை மூன்றேகால் அங்குலம். மூன்றேகாலை எட்டால் பெருக்கினால் இருபத்தாறு. இருபத்தாறு அடி தூரத்தில் அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். எழுதினாள். அன்னாரை எடுத்தாள். மங்கல மேளத்தை எடுத்தாள், பிறகு யோசித்து அதை மட்டும் திரும்ப வைத்தாள், மேளம் உண்மைதானே, அவள் சத்தத்தை அமுக்கியது அதுதானே. அவளுக்கு மூன்று நாளாக வயிற்று வலி. கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று அவளைச் சாமான் அறையில் வைத்து மூடினார்கள். அவள் அப்பா இருபத்தாறு அடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடும்படி, காவலுக்கு நின்ற பதினேழு வயதுப் பையனிடம் கேட்டாள். பந்தி முடியட்டும் என்று அவன் சொன்னான். ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம். ஒன்றுகூடத் தடுக்கி விழவில்லை. மூன்று வாரமாக அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சலித்தவளுக்கு ஒரு சொல்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

“முடிஞ்சுதாம்மா? பிரஸ்காரர் கெளம்பிட்டாராம்.” நைனா நிலைப்படியில் நின்றார். குளித்து, நெற்றியில் விபூதி பட்டையாக, இடுப்பில் துண்டு. இடக்கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. எண்பது வயசுக்கு நிமிர்ந்த ஆள். இன்னும் கண்ணாடி இல்லாமல் தெருக்கோடி பார்ப்பார். “நாற்பத்து மூணும் எழுபத்தொண்ணும் மட்டும் பாக்கின்ன. படி.” திட்டமிட்டிருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பாள். படித்தாள். முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கோப்பில் ஆங்கிலம் எழுதியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“யாரு சொன்னது?”

“அம்மா. என் கல்யாணத்துக்கு மொத நாள். அம்மாவுக்கு நீங்க. காய்ச்சல்ல.”

அவர் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். “இதெல்லாம் புள்ளைங்களுக்கு எதுக்கும்மா? நல்லது நாலு தெரிஞ்சிக்கட்டுமேன்னு எழுதறது. நாமளும் சும்மா விட்டுடல. சாமியாக்கிட்டோம். அறுபத்து மூணு வருஷமா, ஒரு வருஷம் தவறாம புடவ வெக்கறோம். எந்த வீட்ல வெப்பான்?”

“அவங்க புடவையா கேட்டாங்க?” அம்சாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அவங்க நைனாவத்தானே கேட்டாங்க.”

“பதினேழு வயசும்மா எனக்கு. எங்க நைனா நிக்கச் சொன்னாரு, நின்னேன்.”

“நின்னதையும் எழுதுங்களேன்! நுங்கு குடுத்தத எழுதறீங்க. மாட்டுக்குப் பேரு எழுதறீங்க. வலி ஏதுமின்றின்னு எழுதறதுக்கு உங்களுக்கு எப்படி நைனா கை வந்துச்சு? யாரு கேட்டா அந்த ரெண்டு வார்த்தைய? அது இல்லாம இருந்திருந்தா நான் பேசாம எழுதிட்டுப் போயிருப்பேன். அம்மா மாதிரி. எல்லாரும் மாதிரி.” செண்பகம் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள், வந்த வேகத்தில் உள்ளே போனாள். “இத மாத்தணும்னா வேற ஆள வெச்சு எழுதிக்கோங்க. நான் மாத்த மாட்டேன்.”

நைனா மேஜையைப் பார்த்தார். பதினோராம் பக்கத்தின்மேல் ஸ்கேல் கிடந்தது. “இருபத்தாறு தப்பு,” என்றார்.

“என்ன?”

“நீ சுவத்துக்குள்ள பூந்து அளந்திருக்க. அப்படி நடக்க முடியாது. ரூமத் தாண்டிக் கூடம், கூடத்தத் தாண்டி நடை, சமையக்கட்டச் சுத்திக்கினு போவணும். நாற்பத்தோரு அடி.”

“எப்ப அளந்தீங்க?”

“டிபார்ட்மெண்டுல சேந்த வருஷம். டேப் கைக்கு வந்ததும் மொதல்ல அதத்தான் அளந்தேன்.” நிலையைப் பிடித்த கை இறங்கவில்லை. “எட்டி நடந்தா பதினாறு தப்படி. போயிட்டு வந்திருக்கலாம்.”

இதைக் கேட்டு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இன்னும் கொதித்தது. அளந்திருக்கிறார்! தெரியாமல் எழுதவில்லை, மறந்து எழுதவில்லை, அடி அங்குலத்தோடு கையில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். இருபத்தாறை அழித்து நாற்பத்தொன்று என்று அடித்தாள், விசை உடையும்படி அடித்தாள். “பேரு?”

“ம்?”

“அவங்க பேரு நைனா. அண்ணி அண்ணின்னு எழுத முடியாது.”

“வேதவல்லி,” என்றார். ஏதோ எண்ணைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, யாரோ உள்ளே இருந்து கேட்டுவிட்டார்களோ என்பதுபோல் பின்னால் திரும்பிப் பூஜை அறைப் பக்கம் பார்த்தார். அம்சா தட்டினாள். வேதவல்லி. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர். முன்னால் எண் இல்லை, எண் வேண்டாம். போனை எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். நாலு முறை அடித்த பிறகு எடுத்தாள் மகள். “அம்மா, கும்பிட்டாச்சா அதுக்குள்ள?” “கும்பிடல. நான் ஒரு பக்கம் படிக்கிறேன், கேளு. நடுவுல பேசாத.” படித்தாள். இந்தத் தடவை மெதுவாக. அந்தப் பக்கம் ஹீட்டரின் சத்தம், போர்வை உரசும் சத்தம். நாற்பத்தோரு அடி என்ற இடத்தில் ஒரு சின்ன முனகல், கதைக்கா வயிற்றுக்கா என்று தெரியவில்லை. முடிந்தது.

“அந்தப் பையன் யாரும்மா?” என்றாள் தாரிணி.

சொல்ல மாட்டேன், இதையும் நானே மொழிபெயர்க்க மாட்டேன் என்று அம்சா போனை மேஜையில் நிலைப்படிப் பக்கம் திருப்பிவைத்தாள்.

“நான்தான் கண்ணு,” என்றார் நைனா.

லைன் போய்விட்டதோ என்று அம்சா குனிந்து பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு குரல் வந்தது, சின்னக் குரல், ஐந்து வயசுக் குரல். “அம்மா. மூணு இல்ல.”

“சொல்லு.”

“ஏழு. எட்டா இருக்கும்னு... காலைலேர்ந்து எழுந்து நிக்க முடியல. வலது பக்கம்.”

“எந்திரிக்காத. படுத்தபடியே ஆம்புலன்ஸ் நம்பர அழுத்து, இப்பவே, அவங்க கேட்டா ஏழுன்னு சொல்லு, எட்டுன்னு சொல்லு, கத்து, ஹாஸ்டலே கேக்கற மாதிரி கத்து. நான் அப்பாவக் கூப்பிட்டு அங்க அனுப்பறேன். மூணுன்னு மட்டும் யார்கிட்டயாவது சொன்னே...” தாரிணி வைத்தாள். தாரிணியின் அப்பா, தணிகாசலம், ஹாஸ்டலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வேலையில் இருப்பான். தாரிணி திரும்பக் கூப்பிட்டால் இந்த போன் காலியாக இருக்க வேண்டும். வீட்டு போன் கூடத்தில். அம்சா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது, நாற்பத்து மூன்றாம் பக்கம் பறந்து எங்கேயோ போனது. வாசலில் தெரிந்த பைக் சத்தம், பிரஸ்காரராக இருக்கும். “அக்கா, எல போடட்டுமா, சாமிக்கு நேரமாவுது,” என்று செண்பகம் கேட்டாள். நிலைப்படியில் நைனா நின்றுகொண்டிருந்தார், ஒரு கை நிலையில், ஒரு கை துண்டில், நின்ற இடத்திலேயே.

“வழி விடுங்க நைனா,” என்றாள்.

அவர் நகர்ந்தார்.